குன்னூர் போனதும் நூல் விட்ட தயிர்

கேள்வி: ஈரோட்டில் இருந்தவரை எங்கள் வீட்டுத் தயிரைக் கத்தி போட்டு வெட்டலாம், அப்படி இருக்கும். மாமியார் இருபது வருடமாக விடாமல் வைத்திருக்கும் உறைமோர் அது. கணவருக்கு மாற்றல் வந்து மூன்று மாதம் முன்பு குன்னூர் வந்தோம். அதே உறை, அதே பாத்திரம். முதலில் உறையவே ஒரு முழு நாள் ஆனது. இப்போது கரண்டியைத் தூக்கினால் வெண்டைக்காய் மாதிரி நூல் இழுக்கிறது. ஈரோட்டில் நாத்தனார் வீட்டில் அதே உறையில் தயிர் இன்னும் கட்டியாகத்தான் இருக்கிறதாம். "சீக்குப் பிடித்த தயிர், கொட்டு" என்கிறார் மாமியார். நடுவில் ஒரு வாரம் பக்கத்து வீட்டு மாட்டுப் பால் உறையவே இல்லை. இட்லி மாவில் தயிர் கலந்தும் மாவு பொங்கவில்லை. இன்னொன்று, பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும் என் பையனுக்குத் தயிர் மட்டும் ஒத்துக்கொள்கிறதே, அது எப்படி?
— குன்னூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். அவசரப்பட்டுக் கொட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது கெட்ட தயிராகத் தெரியவில்லை. ஆனாலும் உங்கள் அடுப்படியில் நின்று நான் பார்க்கவில்லை என்பதால், நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு கரண்டி எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு மோந்து பாருங்கள். சுத்தமான புளிப்பு வாசனையும் லேசாக வெண்ணெய் வாசனையும் வந்தால் நல்லது. அழுகல் வாடையோ சாண வாடையோ தட்டினால், தயிருக்குள் காற்றுக் குமிழி ஓட்டைகள் இருந்தால், மேலே மஞ்சளோ இளஞ்சிவப்போ பச்சையோ படர்ந்திருந்தால், நாக்கில் கசந்தால், யோசிக்காமல் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். தண்ணீரிலிருந்தும் சரியாகக் கழுவாத பாத்திரத்திலிருந்தும் வந்து சேரும் வேறு கிருமிகளும் பாலில் நூல் விடவைக்கும். அவை நமக்கு வேண்டாதவை.

வாசனை சுத்தமாக இருந்தால், அந்த நூல் வேறு ஒன்றுமில்லை, சர்க்கரைதான். தயிர் பாக்டீரியா பால் சர்க்கரையில் ஒரு சிறு பங்கை எடுத்து நீளமான சங்கிலியாகக் கோத்துத் தன்னைச் சுற்றி விடுகிறது. பின்லாந்தில் 'வீலி' என்று ஒரு தயிர் உண்டு. சுவீடனில் 'லாங்ஃபில்' என்று ஒன்று. இரண்டையும் வேண்டுமென்றே நூல் விடவைத்து, அதற்காகவே விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் அதை உறையவிடுவது ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். உங்கள் குன்னூர் அடுப்படியின் இரவு வெப்பம் அதற்குப் பக்கத்தில்தானே இருக்கும்? மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: தயிருக்குச் சீக்கு இல்லை, ஊர் மாறியிருக்கிறது.

உறைமோர் என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்கிறோமே தவிர, உள்ளே இருப்பது பல வகைப் பாக்டீரியாக்களின் கூட்டம். நம் வீட்டுத் தயிரில் முக்கியமாக இரண்டு தரப்பு உண்டு. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் 30 டிகிரியை ஒட்டி நன்றாக வளரும், குளிரிலும் மெதுவாக வேலை செய்யும், 40 டிகிரியைத் தாண்டினால் நின்றுவிடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸும் அதன் கூட்டாளி லாக்டோபாசிலஸ் பல்காரிகஸும் 40 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும்; 20 டிகிரியில் ஏறக்குறையத் தூங்கிவிடும். ஈரோட்டு வெயிலில், வெதுவெதுப்பான பாலில், சூடு விரும்பிகளுக்கும் நல்ல பங்கு கிடைத்தது. குன்னூரில் ஒவ்வொரு இரவும் குளிர் தாங்குபவை முந்திக்கொண்டன. மறுநாள் நீங்கள் எடுத்து வைத்த உறையில் அவையே அதிகம். அப்படியே மூன்று மாதம்.

மூன்று மாதம் குறைவு என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். அரை லிட்டர் பாலில் ஒரு சின்ன ஸ்பூன் உறை என்றால் நூறில் ஒரு பங்கு. அந்தப் பாக்டீரியா மறுபடி பழைய நெரிசலுக்கு வர நூறு மடங்கு பெருக வேண்டும். ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக என்று போனால் ஆறேழு தலைமுறையில் நூறைத் தொட்டுவிடும். அதாவது உங்கள் தயிர்ப் பாத்திரத்தில் ஒவ்வொரு நாளும் ஆறேழு தலைமுறை கழிகிறது. ஒரு வருடத்தில் 2,400. மாமியாரின் இருபது வருடத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். குன்னூரில் மட்டுமே சுமார் 600 தலைமுறை ஓடிவிட்டது. மனிதக் கணக்கில் அது 15,000 வருடம்!

இவ்வளவு தலைமுறையில் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் செய்தே பார்த்தார்கள். அவர்கள் எடுத்தது பாசிப்பயறு முளையில் வாழ்ந்த ஒரு லாக்டிஸ். அதைப் பாலில் விட்டு, நம் அடுப்படியில் நடப்பதுபோலவே திரும்பத் திரும்ப மாற்றி 1,000 தலைமுறை வளர்த்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. பயறு முளைப் பாக்டீரியா பால் பாக்டீரியாவைப் போலவே மாறியிருந்தது. வேண்டிய அமினோ அமிலங்களைத் தானே தயாரிக்கும் வேலையைக் குறைத்துக்கொண்டு, பால் புரதத் துண்டுகளை வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும் வேலையைக் கூட்டிக்கொண்டது. ஆயிரம் தலைமுறை என்பது உங்கள் வீட்டுக் கணக்கில் ஐந்து மாதம்தான். உறை இல்லாதபோது மிளகாய்க் காம்பைப் பாலில் போட்டு உறையவைப்பார்களே, அதன் சூட்சுமமும் இதுதான். இந்தப் பாக்டீரியாக்களின் பூர்வீகம் செடிகொடிதான். பாலுக்கு அவை பிறகு குடிவந்தவை.

இந்தக் குடிவரவில் ஒரு விஷயம் நடந்தது. நாற்பது வருடம் இந்தத் துறையில் இருந்தும் எனக்கு இன்னும் வியப்பு தீராத விஷயம் அது. பாக்டீரியாவின் மரபணுக்களில் பெரும்பகுதி குரோமோசோமில் இருக்கிறது. அது போக, பிளாஸ்மிட் என்ற சின்னச் சின்ன டி.என்.ஏ. வளையங்கள் தனியாக மிதக்கும். வீட்டுப் பத்திரம் பீரோவில் இருக்க, அன்றாடச் செலவுப் பணம் மடியில் முடிந்திருப்பது போல. லாக்டிஸில் தயிருக்கு நாம் மதிக்கும் குணங்கள் பலவும் இந்த மடிமுடிச்சில்தான் இருக்கின்றன. பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் திறன், பால் புரதத்தை வெட்டும் நொதி, வெண்ணெய் வாசனைக்கான சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் வாயில், நூல் பின்னும் மரபணுக்கள் எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்மிடில். மடியில் இருப்பது கிடைக்கவும் எளிது, தொலையவும் எளிது. பாலில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த லாக்டிஸ் திடீரென்று லாக்டோஸை உடைக்கத் தெரியாமல் போவதை 1970-களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரி மெக்கே குழுவினர் ஆராய்ந்தார்கள். காரணம் பிளாஸ்மிட் தொலைந்ததுதான் என்பது அப்படித் தெரியவந்தது.

புரத நொதி விஷயம் இன்னும் சுவையானது. அந்த நொதி பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உட்கார்ந்து கேசீன் என்ற பால் புரதத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டுகளில் பல பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போய்விடும். நொதி செய்யாத பாக்டீரியாவும் அதைச் சாப்பிட்டு வளரும். நொதி செய்யும் செலவும் அதற்கு மிச்சம். நெரிசல் கூடக் கூட இப்படிச் சும்மா உட்கார்ந்து சாப்பிடுபவர்கள் பெருகுவார்கள். அவர்கள் அளவு மீறினால் அடுத்த பாலில் எல்லோருக்குமே வளர்ச்சி மந்தமாகும். உறை போதவில்லை என்று ஒரு ஸ்பூனுக்குப் பதில் ஒரு கரண்டி ஊற்றினால் இதற்கு இன்னும் வசதியாகிவிடும். கொஞ்சம் உறை, நல்ல இளஞ்சூடு என்று நம் பாட்டிகள் வைத்திருந்த அளவு சரியான அளவு. "உறை கம்மியா இருந்தாத்தான் தயிர் இனிக்கும்" என்று என் அம்மா சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நூல் பின்னும் லாக்டிஸைச் சூட்டில் வளரவிடாமல் செய்து, சூடு விரும்பிகளை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பாலை நன்றாகக் காய்ச்சி, 42 டிகிரி வரை ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், சுத்தமான விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிகிற சூடு. உறையை ஒரு ஸ்பூன் மட்டும், பாத்திரத்தின் ஓரத்திலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து எடுத்து, கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றுங்கள். மீன்காரர்கள் வைத்திருப்பது போன்ற தெர்மாகோல் பெட்டியோ ஹாட்பாக்ஸோ எதுவானாலும் சரி, உள்ளே ஒரு பாட்டில் வெந்நீரையும் சேர்த்து வைத்து மூடிவிடுங்கள். நாலைந்து மணி நேரத்தில் உறைந்ததும் எடுத்துக் குளிரில் வையுங்கள். 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று இரவு முழுக்க விடாதீர்கள். அதிலிருந்து மறுநாள் உறை. இப்படி ஐந்தாறு முறை செய்யும்போது நூல் குறைந்துகொண்டே வர வேண்டும். சூட்டில் நூல் பிளாஸ்மிட் உதிர்வதும் உண்டு, அதுவும் உங்களுக்கு உதவும்.

ஆறாவது முறையும் நூல் இழுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம். தெர்மோபிலஸிலேயே நூல் விடும் ரகங்கள் உண்டு. அவற்றில் அந்த மரபணு குரோமோசோமிலேயே பதிந்திருக்கும், சூட்டில் உதிராது. அப்போது நாத்தனார் வீட்டு உறையை வரவழையுங்கள். இந்த முறை அது வந்ததும் முதல் வேலையாக ஒரு தயிர் போட்டு, உறைந்த அன்றே ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைபனியில் தலைமுறை ஓடாது. கொஞ்சம் பாக்டீரியா செத்தாலும் மிச்சம் போதும். மாதத்துக்கு ஒரு கட்டியை எடுத்துப் புதிதாகத் தொடங்கினால், ஈரோட்டு உறை ஈரோட்டு உறையாகவே இருக்கும். பெரிய பண்ணைகளும் இதைத்தான் செய்கின்றன; மூல வித்தை, அதாவது தொடக்க உறையை, ஃப்ரீசரில் உறையவைத்தோ உலர்த்தியோ பத்திரப்படுத்திவிட்டு, அதிலிருந்து சில முறைக்கு மேல் ஓட்டுவதில்லை. அரியானாவில் கர்நாலில் இருக்கும் தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனத்தில் இப்படிப் பால் வித்துகளுக்கென்றே ஒரு சேமிப்பகம் இருக்கிறது. மாமியாரின் இருபது வருட உறை உங்கள் குடும்பச் சொத்து, சகோதரி. அதற்கும் ஒரு சேமிப்பகம் வேண்டாமா?

மாட்டுப் பால் உறையாத அந்த வாரத்துக்கு வருகிறேன். என் சந்தேகம் முதலில் போவது மருந்தின் மேல். மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்புக்குள் ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு இத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று மருந்திலேயே எழுதியிருக்கும். அந்த நாள் முடிவதற்குள் கறந்த பாலில் பென்சிலின் போன்ற மருந்து துளி இருந்தாலும் தெர்மோபிலஸ் தாங்காது. பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுதாகப் போகாது. அடுத்த முறை இப்படி ஆனால் இரண்டு டம்ளர் எடுங்கள். ஒன்றில் அந்த மாட்டுப் பால், இன்னொன்றில் பாக்கெட் பால். இரண்டையும் காய்ச்சி ஆற்றி, ஒரே உறையைச் சம அளவு ஊற்றி, ஒரே பெட்டியில் வையுங்கள். பாக்கெட் பால் உறைந்து மாட்டுப் பால் தண்ணீராகவே நின்றால் குறை பாலில். அந்தப் பாலைக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல், மாட்டுக்கு ஊசி போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். பல பேர் தெரியாமல்தான் செய்கிறார்கள்.

இரண்டும் உறையவில்லை என்றால் உறைமோரில் கோளாறு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு, பேஜ் என்று பெயர். பாலாடைக்கட்டி வித்துகளை அவை அழிப்பதை 1935-இல் நியூசிலாந்தில் வைட்ஹெட், காக்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணையில் இதை நேரிலேயே பார்த்தேன். காலையில் வித்து ஊற்றிய தொட்டி மதியமாகியும் துளி கூட இறுகவில்லை. துடுப்பால் கலக்கினால் பால் பாலாகவே தளும்பியது. ஆறு மணி நேரம் புளிப்பை அளக்கும் பி.எச். காகிதத்தை நனைத்து நனைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அங்கே ஒரே ரக வித்தை மாதக்கணக்கில் மாற்றாமல் ஓட்டியிருந்தார்கள். ஒரே ஒரு பேஜ் போதும், மொத்தமும் படுத்துவிடும். வீட்டு உறையில் பல ரகம் கலந்திருப்பதால் ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும். உங்கள் உறை முழுவதும் சாவது அபூர்வம்.

இந்த வைரஸ் தொல்லையிலிருந்துதான் ஒரு பெரிய அறிவு பிறந்தது. தெர்மோபிலஸில் பேஜ் தாக்கிப் பிழைத்தவற்றை டானிஸ்கோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பரங்கு, ஹோர்வாத் குழுவினர் எடுத்துப் பார்த்தபோது, தாக்கிய வைரஸின் டி.என்.ஏ.வில் ஒரு துண்டை அவை தங்கள் மரபணு வரிசைக்குள்ளேயே செருகி வைத்திருந்தன. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டிவிடும். 2007-இல் இதை வெளியிட்டார்கள். அந்த வரிசைக்குத்தான் கிரிஸ்பர் என்று பெயர். அதை மரபணுவை வெட்டும் கத்தரிக்கோலாக மாற்றிய ஷார்பாந்தியே, டவுட்னா இருவருக்கும் 2020-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்று மரபணு நோய்களுக்குச் சிகிச்சை தரும் அந்த நுட்பத்தின் வேலையை முதலில் சோதனையில் நிரூபித்துக் காட்டியது தயிர்ப் பாக்டீரியாதான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

இட்லி மாவுக்குத் தயிர் ஊற்றினீர்கள், புளித்தது, பொங்கவில்லை, இல்லையா? அதுதான் நடக்கும். தயிர்ப் பாக்டீரியா ஒரு குளுக்கோஸை இரண்டாக வெட்டி இரண்டு லாக்டிக் அமிலமாக்குகிறது; காற்று வராது. மாவைப் பொங்கவைப்பது லுகோனாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற வேறொன்று. அது போகும் பாதையே வேறு: ஒரு குளுக்கோஸிலிருந்து ஒரு லாக்டிக் அமிலம், கொஞ்சம் ஆல்கஹாலோ அசிட்டிக் அமிலமோ, கூடவே கரியமில வாயு. அந்த வாயுதான் இட்லியின் ஓட்டைகள். அமெரிக்காவில் 1965-இல் இட்லி மாவை வைத்தே ஆராய்ந்து இதைச் சொன்னார்கள். அது உளுந்தோடு வரும். தயிரை ஊற்றினால் அமிலம் முந்திக்கொண்டு ஏறி அதற்கு இடைஞ்சல்தான். உளுந்தை ஊறவைத்த தண்ணீரிலேயே அரைத்து, தயிர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாவையும் மூடி வையுங்கள். 28, 30 டிகிரி கிடைத்தால் போதும்.

பையன் விஷயம். பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி வளர வளரப் பலருக்குக் குடலில் குறைந்துவிடும். உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்கே இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்கவைக்க, வயிறு உப்புகிறது. தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் முன்கூட்டியே செலவாகியிருக்கும். இந்தப் பாக்டீரியாக்களுக்கு நம்மைப் போல மூச்சுவிட்டுச் சர்க்கரையை முழுசாக எரிக்கும் வசதி கிடையாது. ஒரு குளுக்கோஸில் நம் உடல் ஏ.டி.பி. என்ற ஆற்றல் நாணயம் முப்பது அளவுக்கு எடுக்கும், அவற்றுக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு. அதனால் வளர்வதற்கே நிறையச் சர்க்கரையைத் தின்று நிறைய அமிலம் கக்கியாக வேண்டும். அந்த அமிலத்தில் பாலின் பி.எச். 6.6-லிருந்து 4.6-ஐ நோக்கி இறங்கும்போது கேசீன் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகிறது. நாம் தயிர் என்கிறோம். ஆனால் லாக்டோஸில் பெரும்பங்கு தயிரிலும் மிச்சம் இருக்கும். அதைக் குடலில் உடைப்பது தெர்மோபிலஸும் பல்காரிகஸும் உள்ளே சுமந்து வரும் லாக்டேஸ் போன்ற நொதி. பித்தநீர் பட்டு அவை உடைந்ததும் நொதி வெளியே வந்து வேலை செய்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஒப்புக்கொண்ட பலன் இது. தயிரைப் பற்றிச் சொல்லப்படும் எத்தனையோ பலன்களில் சான்று நன்றாக இருப்பது என்று நான் தைரியமாகச் சொல்வதும் இதைத்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. லாக்டிஸ் பெரும்பாலும் லாக்டோஸை வேறு விதமாக, உள்ளே இழுக்கும்போதே பாஸ்பேட் ஒட்டி, அதற்கென்ற வேறு நொதியால் உடைக்கிறது. அந்த நொதி பையனின் குடலில் அவ்வளவாக உதவாது. அதனால் குளிரில் உறைந்த நூல் தயிரைவிட, பெட்டியில் சூட்டோடு உறைந்த தயிர் அவனுக்கு நல்லது. மோர்க்குழம்பாகக் கொதிக்கவைத்தால் நொதியும் போய்விடும். பலன் வேண்டுமென்றால் தயிர்சாதமாக, ஆறிய சோற்றில் பிசைந்து கொடுங்கள். வயிற்றுப்போக்கோ எடை குறைவோ மலத்தில் ரத்தமோ இருந்தால் மட்டும் தயிரை நம்பி இருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஆறாவது முறை உறைந்த தயிரில் கரண்டியைத் தூக்கும்போது நூல் எத்தனை விரற்கடை நீளம் வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். முதல் நாள் எவ்வளவு வந்தது என்பதையும் குறித்து வையுங்கள். நாத்தனார் வீட்டு உறை வேண்டுமா வேண்டாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.